சொல்லின் கடைசி ஒலி
வலையொலி வழி ஆங்கில இலக்கணம்: இலங்கை வகுப்பும் தமிழ்நாட்டு வகுப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களின் ஆங்கில வகுப்பில் ஒரு வலையொலியின் சிறு பகுதியை ஓடவிட்டேன். அதில் ஒரு பெண் தன் தோழியைப் பற்றிச் சொல்கிறாள்: ‘ஷீஸ் வர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்.’ பத்து ஆண்டுகளாக இங்கேதான் வேலை செய்கிறாள் என்பது பொருள். கேட்டதை அப்படியே எழுதித் தரச் சொன்னேன். பெரும்பாலான தாள்களில் இருந்தது, ‘ஷி வர்க் ஹியர் டென் இயர்.’ பொருள் எல்லோருக்கும் விளங்கியிருந்தது. ஆனால் ‘ஷீ’யோடு ஒட்டிய ‘ஸ்’, ‘வர்க்’கின் முடிவில் வந்த ‘ட்’, நடுவில் வந்த ‘ஃபார்’, ‘இயர்’ முடிவில் வந்த ‘ஸ்’ ஆகிய நான்கும் தாளில் இல்லை. “சேர், அந்த ‘ட்’ எனக்குக் கேக்கவே இல்லை” என்றாள் ஒரு மாணவி.

பிறகு மேற்படிப்புக்காகத் தமிழ்நாட்டுக்குப் போனேன். அங்கே ஒரு கலைக் கல்லூரியில் கொஞ்சக் காலம் பாடம் எடுத்தபோது அதே பகுதியைப் போட்டேன். அதே நான்கும் காணாமல் போயிருந்தன. “சார், அவங்க அதைச் சொல்லவே இல்ல சார்” என்றான் ஒரு மாணவன். இரண்டு வகுப்பு மாணவர்களும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பு என்றால் பிழையில்லாமல் நிரப்புவார்கள். விதி கண்ணில் இருந்தது, காதுக்கு வந்து சேரவில்லை.

ஆங்கில இலக்கணத்தை வலையொலி கொண்டு கற்பிப்பது இன்று இரு நாட்டிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் அதைப் ‘பாட்காஸ்ட்’ என்று எழுதுகிறார்கள், இலங்கையில் ‘பொட்காஸ்ட்’ என்று எழுதுகிறோம். எழுத்தில் இருக்கும் அந்தச் சிறு வேறுபாடு வகுப்பறையில் பெரிதாகிறது. ஒரே கருவி இரண்டு கல்வி முறைகளுக்குள் போய் இரண்டு விதமாக மாறிவிடுகிறது. எங்கே எது வேலை செய்கிறது, எது தடுக்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இரு கரைக்கும் பயன் உண்டு என்று நம்புகிறேன்.

நன்னூலில் இருக்கும் காரணம்

அந்த ‘ட்’ ஏன் கேட்கவில்லை என்பதற்கு விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தமிழ்ச் சொல்லின் இறுதியில் எந்த எழுத்துகள் வரும் என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய் ஆறும் அந்தப் பட்டியலில் இல்லை. வல்லினத்தில் முடியவேண்டிய இடத்தில் நாம் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுகிறோம். அதனால்தான் ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்கள் நம் வாயில் கோட்டு, கோர்ட்டு, புக்கு, பாங்கு என்று ஆயின. ‘ஸ்’ என்ற ஒலியோ தமிழின் முப்பது முதலெழுத்துகளிலேயே கிடையாது.

ஆங்கிலம் தன் இலக்கணத்தின் பெரும்பகுதியை ஒளித்து வைத்திருப்பது இதே இடத்தில்தான். பன்மை, படர்க்கை ஒருமை நிகழ்காலம், உடைமை மூன்றுக்கும் சொல்லின் முடிவில் ஒரு ‘ஸ்’ அல்லது அதன் இனமான ஒலி. இறந்தகாலத்துக்கு முடிவில் ஒரு ‘ட்’. அந்த ‘ட்’டும் மூன்று விதமாக ஒலிக்கும். நடந்தான் என்பதற்கான ‘வாக்ட்’டில் வன்மையாக, விளையாடினான் என்பதற்கான ‘ப்ளேய்ட்’டில் மென்மையாக, விரும்பினான் என்பதற்கான ‘வான்டிட்’டில் தனி அசையாக. எழுத்தில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். நம் மொழியில் ‘பேசினான்’ என்றால் காலம் காட்டும் இடைநிலையும், ஆளைக் காட்டும் விகுதியும் உயிரோடு சேர்ந்து முழு அசையாகக் கேட்கும். முழு அசைக்குப் பழகிய காது, ஒற்றை மெய்யில் தொங்கும் காலத்தைத் தவறவிடுகிறது. மாணவர்கள் மந்தமானவர்கள் என்பதால் நடப்பது அல்ல இது. தமிழ்க் காது தன் வேலையைச் சரியாகச் செய்வதால் நடப்பது.

இத்தோடு ‘எ’, ‘த’, ‘ஆஃப்’, ‘ஃபார்’, ‘ஹாவ்’ போன்ற சிறு சொற்களும் இருக்கின்றன. பேச்சில் இவை அழுத்தமின்றிச் சுருங்கிப் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘ஐ ஹாவ்’ என்பது ‘ஐவ்’ ஆகும். கரும்பலகையில் நாம் முழுசாக எழுதிக் காட்டுகிறோம். வகுப்பில் ஆசிரியரும் நிறுத்தி நிறுத்தி முழுசாகவே உச்சரிக்கிறார். ரென்னும் மார்ட்டினும் எழுதிய இலக்கண நூல் இரு நாட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. அதிலும் இவை கண்ணுக்கு மட்டுமே தெரிந்தன. ஒருவர் எதைக் கவனிக்கிறாரோ அதைத்தான் மொழியில் கற்கிறார் என்று மொழியியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட் 1990இல் எழுதினார். கேட்காத ஒலியை எப்படிக் கவனிப்பது?

வலையொலியின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. நிறுத்தலாம், பின்னால் இழுக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம், ஒரே வாக்கியத்தை இருபது முறை கேட்கலாம். இருபதாவது முறை கேட்பதற்கு எந்த ஆசிரியரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை. இரு கரையிலும் ஆங்கில வகுப்பில் மாணவரின் வாயை மூடிவைப்பது அறியாமையைவிட வெட்கம்தான்.

எந்த வலையொலி?

வலையொலிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 2004இல் ‘கார்டியன்’ இதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் முதலில் காண்கிறோம். ஒலி வழி ஆங்கிலம் கற்பிப்பது அதைவிட மிகப் பழையது. பிபிசி 1943 முதலே வானொலியில் ஆங்கிலப் பாடம் நடத்தியது. ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ 1959இல் குறைந்த சொற்களோடு மெதுவாகப் பேசும் ஒலிபரப்பைத் தொடங்கியது. இன்று மாணவர் கைக்கு வருபவை இவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

ஆசிரியர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். இலக்கணத்தை விளக்கும் வலையொலிகள் ஒரு வகை. பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் கிராமர்’ அப்படிப்பட்டது. 2006இல் மிக்னான் ஃபோகார்டி தொடங்கிய ‘கிராமர் கேர்ள்’ நிகழ்ச்சியும் இலக்கணம் பேசுவதுதான். ஆனால் அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் எழுத்துச் சந்தேகங்களைத் தீர்ப்பதையே முதன்மையாகக் கொண்டது. பெயரைப் பார்த்துவிட்டு முதலாம் ஆண்டு மாணவருக்கு அதைக் கொடுத்தால், அவருக்கு இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாகும். இலக்கணம் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் வேறொன்றைப் பேசுபவை இன்னொரு வகை. பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ அப்படி. இருவர் ஒரு செய்தியைப் பேசுவார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வி போட்டு முடிவில் விடை சொல்வார்கள், பேசியதன் எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும்.

இரு நாட்டிலும் ஆசிரியர்கள் பெரும்பாலும் முதல் வகையையே தேர்ந்தெடுக்கிறார்கள். பாடத்தின் தலைப்பும் நிகழ்ச்சியின் தலைப்பும் பொருந்துவது அவர்களுக்கு வசதி. என் அனுபவத்தில் இலக்கணம் காதுக்குள் இறங்குவது இரண்டாம் வகையில்தான். விளக்கம் ஏற்கெனவே கரும்பலகையில் கிடைத்துவிட்டது. கிடைக்காதது அந்த விதி உயிரோடு நடமாடும் பேச்சு.

இலங்கை: நேரம் உண்டு, எடை இல்லை

இலங்கையின் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் கற்பிப்பதற்கென்று தனி அலகு இருக்கும். ஈ.எல்.ரி.யு. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அங்கே கற்பிப்பவர் ஆங்கிலப் போதனாசிரியர். பல பீடங்களில் புதுமுக மாணவர்களுக்குப் பட்டப்படிப்புத் தொடங்குமுன் சில வாரங்கள் தீவிர ஆங்கிலப் பயிற்சி நடக்கும். நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்கு ஒரே பாடத்திட்டம் என்ற முறை இங்கே இல்லை. யாழ்ப்பாணமும் வந்தாறுமூலையும் ஒலுவிலும் பேராதனையும் தத்தமக்கு வேண்டிய பாடப்பொருளைத் தாமே ஆக்கிக்கொள்ளலாம். ஒரு போதனாசிரியர் நேற்று இரவு கேட்ட வலையொலியை இன்று காலை வகுப்புக்குக் கொண்டுவர எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்தச் சுதந்திரம் தமிழ்நாட்டு ஆசிரியர் பலருக்குக் கிடைக்காத செல்வம்.

ஆனால் இந்தச் செல்வத்துக்கு எடை இல்லை. பள்ளியின் கடைசிக் கட்டமான உயர்தரத்தில் பொது ஆங்கிலம் 1999 முதல் ஒரு பாடமாக இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் அது சேர்வதில்லை. அதைத் தொடாமலே வந்தவர்கள் கம்பஸ் வாசலில் நிற்கிறார்கள். உள்ளே வந்த பிறகும் பல பீடங்களில் ஆங்கிலத்தில் சித்தியடைய வேண்டும், ஆனால் அந்தப் புள்ளி பட்டத்தின் வகுப்புத் தரத்தைத் தீர்மானிக்கும் கணக்கில் சேராது. அதனால் வகுப்பில் ஆர்வமாகக் கேட்கும் மாணவர், வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய ஆறு நிமிடப் பதிவைத் திறப்பதில்லை. சோம்பல் என்று அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதற்கு எடை இருக்கிறதோ அதற்கு அவர் இரவைச் செலவிடுகிறார்.

இன்னொரு தடையை சுரேஷ் கனகராஜா காட்டினார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். அந்த வகுப்பறை அனுபவத்தை வைத்து 1999இல் ஆங்கிலம் கற்பித்தலில் மறைந்திருக்கும் ஆதிக்கம் பற்றிய நூலை எழுதினார். அமெரிக்கப் பாடநூல் ஒன்றின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கி வைத்தவற்றை அவர் ஆராய்ந்தார். பாடநூலில் இருந்த வாழ்க்கை அவர்களுடையதாக இல்லை. ஓரத்தில் அவர்கள் எழுதியும் வரைந்தும் வைத்தவை அவர்களுடைய உலகத்தைச் சேர்ந்தவை. புதிய முறை விளையாட்டுகளைவிட இலக்கணத்தை நேராகச் சொல்லித் தருவதையே அந்த மாணவர்கள் நாடினார்கள் என்றும் அவர் பதிவு செய்தார். லண்டன் கலையகத்தில் இருவர் காப்பிக் கடைகளைப் பற்றி உரையாடும் வலையொலியை அப்படியே வவுனியாவில் ஓடவிடும்போது அந்தப் பாடநூலின் கதை திரும்ப நடக்கிறது. ஒலிக்கு ஓரம் இல்லாததால் மாணவரால் கிறுக்கவும் முடியாது, மனம் மட்டும் வெளியே போய்விடும்.

இலங்கைக்கு ஒரு தனிப் பலமும் உண்டு. அதன் பெயர் குப்பி. தேர்வுக்கு முன் விளங்கிக்கொண்ட மாணவர் விளங்காதவர்களை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கும் வகுப்புக்குச் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் சொல்லும் பெயர் இது. அக்காமாரும் அண்ணாமாரும் நடத்தும் இந்த வகுப்புக்குக் கட்டணம் இல்லை, வருகைப் பதிவு இல்லை. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. எரிபொருள் இல்லை, கடதாசித் தட்டுப்பாட்டால் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. காணொளி வகுப்பில் சேர டேட்டாவும் மின்சாரமும் போதாதபோது குப்பி குரல் பதிவாக மாறி வாட்ஸ்அப்பில் ஓடியது. 64 கிலோபிட் வேகத்தில் பதிந்த ஆறு நிமிட ஒலி 3 எம்பியைத் தாண்டாது. ரீலோட் போடக் காசில்லாத நாளிலும் அது போய்ச் சேரும். ஒலி எவ்வளவு எளிய ஊர்தி என்பதை அந்த ஆண்டு எங்களுக்குக் கற்றுத் தந்தது.

தமிழ்நாடு: எடை உண்டு, நேரம் இல்லை

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி இரண்டில் தேறாமல் பட்டம் கையில் வராது. அரியர் விழுந்தால் மூன்றாம் ஆண்டு வரை துரத்தும். ஆகவே இங்கே ஆங்கிலத்துக்கு எடை உண்டு. ஆனால் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது, அதன் கீழுள்ள கல்லூரிகளில் தன்னாட்சி இல்லாத அத்தனையும் அதையே நடத்த வேண்டும். பெரும்பாலும் 75 மதிப்பெண் பருவத் தேர்வுக்கு, 25 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு. பருவத் தேர்வு எழுத்துத் தேர்வு. மூன்று மணி நேரத்தில் மாணவரின் காதுக்கு ஒரு கேள்விகூட இல்லை. 60 பேர் உள்ள வகுப்பில் உரைநடை, செய்யுள், சிறுகதை, இலக்கணம் எல்லாவற்றையும் பருவம் முடிவதற்குள் முடித்தாக வேண்டிய ஆசிரியர் வலையொலிக்கு எங்கே போவார்?

அப்படியும் கொண்டுவரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண் முன்னே அது வேறொன்றாக மாறுவதையும் பார்த்திருக்கிறேன். நான் ஒரு பகுதியைப் போட்டு முடித்ததும் முதல் வரிசையிலிருந்து வந்த கேள்வி, “சார், இதுல எந்தக் கேள்வி வரும்?” அடுத்த வாரம் அந்தப் பதிவின் எழுத்து வடிவம் நகலெடுக்கப்பட்டு, கேள்வியும் பதிலுமாகப் பிரிக்கப்பட்டு வகுப்பில் சுற்றியது. கேட்பதற்காகக் கொடுத்தது படிப்பதற்கான நோட்ஸ் ஆகிவிட்டது. மாணவர் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொண்டார். தேர்வு எதைக் கேட்கிறதோ அந்த வடிவத்துக்கு அவர் எதையும் மாற்றிவிடுவார்.

பொறியியல் கல்லூரிகளில் நிலைமை சற்று வேறு. அங்கே லேங்குவேஜ் லேப் இருக்கிறது, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்கும் நேரம் அட்டவணையில் இருக்கிறது. வளாக நேர்காணலில் வேலை கிடைக்க வேண்டும் என்பதால் மாணவரும் விரும்பி வருகிறார். 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் ஆங்கிலப் பேச்சுத்திறனை ஒரு குறிக்கோளாக வைத்திருக்கிறது. 2016இல் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை சரிந்து, அரசுக் கல்லூரி மாணவரும் நாள் முழுதும் கேட்கும் வசதி வந்துவிட்டது. வசதியில் தமிழ்நாடு இலங்கையைவிட முன்னால் நிற்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஏற்பாடுகளில் பேச்சும் நேர்காணலும்தான் முன்னிற்கின்றன. இலக்கணம் தேர்வுத்தாளுக்கு, ஒலி வேலைவாய்ப்புக்கு என்று இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைக்க நேரமில்லை.

சுருங்கச் சொன்னால், இலங்கையில் வலையொலிக்கு நேரம் கிடைக்கிறது, எடை கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் எடை கிடைக்கிறது, நேரம் கிடைப்பதில்லை.

எந்த மொழியில் விளக்குவது, யாருடைய குரலில் கேட்பது

ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கலாமா என்ற கேள்விக்கு இரு நாட்டிலும் இரு விடை. தமிழ்நாட்டு வகுப்பில் ஏறக்குறைய எல்லோருக்கும் தமிழ் தெரியும். ஆகவே ஆசிரியர் தயங்காமல் தமிழில் சொல்கிறார், இலக்கணம் சொல்லும் தமிழ்நாட்டு வலையொலிகளிலும் தமிழும் ஆங்கிலமும் கலந்தே வருகின்றன. பேராதனையிலோ கொழும்பிலோ ஒரே ஆங்கில வகுப்பில் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டத்தில் எழுதிய அந்த இணைப்பு நிகழும் அரிய இடங்களில் ஒன்று இந்த வகுப்பறை. ஒரு மொழியில் விளக்கினால் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். ஆகவே ஆங்கிலத்திலேயே விளக்கம் நடக்கிறது, விளங்காதவர் விளங்காமலே இருக்கிறார். ஒரே பதிவுக்குத் தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றுமாக இரண்டு சிறு விளக்க ஒலிகள் இருந்தால் இந்தக் குறை தீரும். வகுப்பில் எல்லோரும் ஒரே ஆங்கிலத்தைக் கேட்கலாம், விடுதியில் அவரவர் தாய்மொழியில் தெளியலாம்.

தமிழில் விளக்குவதால் வேறொரு நன்மையும் உண்டு. ஆங்கில வல்லினம் ஏன் காதில் விழவில்லை என்று நன்னூலைக் காட்டிச் சொன்ன நாளில், என் மாணவர்களின் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். தங்களிடம் குறை இல்லை, இரண்டு மொழிகளின் அமைப்பு வேறு என்று அவர்களுக்குப் புரிந்தது. ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் படிக்கப்பட்ட நூல். இரு கரை மாணவர்களுக்கும் பொதுவான தமிழ் இலக்கண அறிவு ஒன்று கையிருப்பில் இருக்கிறது. ஆங்கில வகுப்பில் அதை நாம் எடுத்துப் பயன்படுத்துவதே இல்லை.

யாருடைய ஆங்கிலத்தைக் கேட்பது என்பது அடுத்த கேள்வி. இலங்கையில் 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்து, ‘நம் வழியில் ஆங்கிலம் பேசுவோம்’ என்ற கருத்தை அரசே முன்வைத்தது. மைக்கேல் மெய்லர் தொகுத்த இலங்கை ஆங்கில அகராதி அதற்கு இரண்டு ஆண்டு முன்னர் வந்திருந்தது. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் ‘நியூட்ரல் ஆக்சன்ட்’ என்று, எந்த ஊர் வாடையும் இல்லாத உச்சரிப்பைத் தேடின. இலக்கணம் கற்பிப்பவருக்கு இதில் ஒரு பக்கம் சேர வேண்டிய தேவை இல்லை. உச்சரிப்பு வேறு, இலக்கண ஒலி வேறு. கொழும்புக் குரலானாலும் சென்னைக் குரலானாலும் லண்டன் குரலானாலும் ‘வர்க்’கின் முடிவில் அந்த ‘ட்’ இருந்தாக வேண்டும். நான் முதலில் நம் ஊர்க் குரலைக் கேட்க வைப்பேன். அதில் கடைசி ஒலியைப் பிடிக்கக் கற்ற மாணவர், வெளிநாட்டுக் குரலிலும் அதைப் பிடித்துவிடுகிறார்.

ஒரு பாடம்

இரு நாட்டிலும் நான் நடத்திப் பார்த்து, இரு நாட்டிலும் பலித்த பாடத்தைச் சொல்கிறேன். அடிப்படை, ரூத் வாஜ்ன்ரிப் 1990இல் விரிவாக எழுதிய இலக்கணச் சொல்வதெழுதல் முறை.

வலையொலியிலிருந்து நாற்பது, ஐம்பது வினாடி மட்டும் எடுத்துக்கொள்வேன். முதல் முறை கேட்கும்போது பேனாவைத் தொடக்கூடாது, பொருளை மட்டும் பிடிக்க வேண்டும். இரண்டாம் முறை காதில் விழுந்த சொற்களைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு நான்கு பேர் ஒரு குழுவாக உட்கார்ந்து குறிப்புகளைச் சேர்த்து முழுப் பத்தியை மீண்டும் கட்ட வேண்டும். பெயரும் வினையும் எல்லாக் குழுவிடமும் இருக்கும். சிறு சொற்களும் கடைசி ஒலிகளும் எவரிடமும் இருக்காது. இங்கே வாக்குவாதம் தொடங்கும். “பத்து வருசம் என்டால் ‘ஸ்’ வரவேணும்” என்பாள் ஒருத்தி. “‘ஃபார்’ இல்லாமல் எப்படி நிக்கும்?” என்பான் இன்னொருவன். விதி அப்போதுதான் வேலைக்கு வருகிறது.

அதன்பின் எழுத்து வடிவத்தைக் கொடுப்பேன். தங்கள் பத்தியோடு ஒப்பிட்டு, விட்டுப்போனவற்றைச் சிவப்பில் வட்டமிடுவார்கள். மூன்றாம் முறை கேட்கும்போது அந்த வட்டங்களை மட்டும் காதால் தேடுவார்கள். “இப்ப கேக்குது சேர்!” இந்த வரியைக் கேட்கத்தான் நான் ஆசிரியரானேன் என்று சில நாள் தோன்றும். கடைசியில் ஒவ்வொருவரும் அந்தப் பத்தியைத் தன் கைபேசியில் தன் குரலில் பதிந்து, தானே கேட்டுப் பார்ப்பார்கள். ஐம்பது வினாடிக்கு ஒரு முழு வகுப்பு நேரம் போகும். ஆறு நிமிட நிகழ்ச்சி முழுவதையும் ஓடவிட்டு “விளங்கினதா?” என்று கேட்பதைவிட இதுவே மேல்.

வலையொலி எல்லாவற்றையும் செய்துவிடாது. பேருந்தில் போகும்போது பாட்டுப்போலக் கேட்டுக்கொண்டிருந்தால் செவிப் பழக்கம் கொஞ்சம் வரும், இலக்கணம் வராது. நிறுத்தற்குறிக்கும் நீண்ட எழுத்து வாக்கியத்துக்கும் தாளும் பேனாவும்தான் வேண்டும். கேட்கும் திறன் குறைந்த மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால் எழுத்து வடிவம் முதலிலேயே அவர் கையில் இருக்க வேண்டும். பாடம் அவரை விட்டுவிட்டுப் போகக்கூடாது.

ஒலிவாங்கி மாணவர் கையில்

இரு நாட்டிலும் நான் கற்றவற்றில் முக்கியமானது, கேட்கும் வலையொலியைவிடச் செய்யும் வலையொலி அதிகம் கற்றுத் தரும் என்பது. சாதாரண மனிதர் கையில் ஒலிவாங்கியைக் கொடுப்பது நம் இரு நாட்டுக்கும் புதிதல்ல. இலங்கையில் 1981இலேயே மகாவலி சமுதாய வானொலி குடியேற்றக் கிராமங்களுக்குப் போய் மக்களின் குரலைப் பதிந்தது. இந்தியாவில் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒலிக்கத் தொடங்கியது. அந்த வழக்கத்தை ஆங்கில இலக்கண வகுப்புக்குக் கொண்டுவருவதுதான் மிச்சம்.

நான் கொடுத்த பணி எளியது. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் தமிழில் பேசி, அவர் சொன்னதை மூன்று நிமிட ஆங்கில ஒலியாக்கிக் கொண்டுவர வேண்டும். “நான் இன்னதைக் கேட்டேன், அவர் இன்னதைச் சொன்னார்” என்று தொடங்கும்போதே அயற்கூற்று வந்துவிடுகிறது. ‘வேர் டிட் ஷி கோ’ என்பது ‘வேர் ஷி ஹாட் கான்’ என்று மாறுவதைப் புத்தகத்தில் எத்தனை பயிற்சி செய்தாலும் ஒட்டாத மாணவர், தன் அம்மம்மாவின் இடப்பெயர்வைச் சொல்லும்போது அது சரியாக வரவேண்டும் என்று ஐந்து முறை திரும்பப் பதிகிறார். ஆமி வருமுன்னர் ஊரை விட்டுப் போய்விட்டோம் என்று அம்மம்மா சொன்னதில், எது முதலில் நடந்தது, எது பின்னர் நடந்தது என்பது அவருக்கு வாழ்க்கைக் கேள்வி. பாஸ்ட் பெர்ஃபெக்ட் அங்கே தேவையாகிறது. தமிழ்நாட்டில் ஒரு மாணவி, ஊரில் மழை பொய்த்த பிறகு பாட்டி திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போன கதையைக் கொண்டுவந்தாள். தன் பதிவைத் தானே கேட்டு, “மிஸ் பண்ணிட்டேன் சார், ‘வென்ட்’னு சொல்லாம ‘கோ’ன்னு சொல்லியிருக்கேன்” என்று எனக்கு முன்னால் பிடித்தாள். அவள் பிழையைத் திருத்த நான் தேவைப்படவில்லை. அவள் காது தேர்ந்துவிட்டது.

இந்தப் பணிக்கு இலங்கையிடமிருந்து குப்பியையும் பாடப்பொருள் ஆக்கும் சுதந்திரத்தையும் தமிழ்நாடு எடுத்துக்கொள்ளலாம். 25 அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஐந்தை ஒலிக்கு ஒதுக்க ஒரு கல்லூரி மனம் வைத்தால் போதும், நோட்ஸ் போட முடியாத ஒரு பாடம் பிறந்துவிடும். தமிழ்நாட்டிடமிருந்து எடையையும் தமிழில் தயங்காமல் விளக்கும் துணிவையும் இலங்கை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலப் புள்ளியை வகுப்புத் தரக் கணக்கில் சேர்ப்பது பெரிய முடிவு. மாணவர் செய்த வலையொலியை அலகின் சொந்தப் பாடப்பொருளாக அடுத்த ஆண்டு மாணவருக்குக் கொடுப்பது சிறிய முடிவு, அதை நாளையே எடுக்கலாம். தன் குரல் தம்பி தங்கைகளின் பாடமாகப் போகிறது என்பதே ஓர் எடைதான்.

ஆங்கிலம் கற்பிப்பதில் இரு நாடும் கைகோத்தது உண்டு. 1958இல் ஹைதராபாதில் தொடங்கி, பின்னாளில் மத்தியப் பல்கலைக்கழகமாக வளர்ந்த ஆங்கில நிறுவனத்தில் இலங்கை ஆசிரியப் பயிற்றுநர்கள் பயின்றார்கள். இந்தியாவின் உதவியோடு பேராதனைப் பகுதியில் ஆங்கிலப் பயிற்சி நிலையமும் அமைந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாடு காதாரக் கேட்ட காலமும் ஒன்று இருந்தது. கடல் ஒலியைத் தடுத்ததில்லை.

யாழ்ப்பாணத்து மாணவியின் அம்மம்மா கதையை ஒரு நாள் தமிழ்நாட்டு வகுப்பில் போட்டேன். வழக்கம்போல் நாற்பது வினாடி. குழுக்கள் எழுதித் தந்த தாள்களை அன்றிரவு பார்த்தேன். ‘ஹாட்’ பெரும்பாலான தாள்களில் இருந்தது, ‘ட்’டும் இருந்தது. பின்வரிசை மாணவன் ஒருவன் தாளின் ஓரத்தில் தமிழில் ஒரு கேள்வி எழுதியிருந்தான்: “அந்தப் பாட்டி பிறகு ஊருக்குத் திரும்பிப் போனாங்களா சார்?”